பதினோரு சொடுக்கு

நாகமலைக்கு மேற்கே, கைவிட்ட கல்குவாரிக்குள்
ஞாயிறு காலை ஆறரைக்கு எங்கள் வேட்டை.
தகர முயல், தகரக் கௌதாரி, தகர நரி,
உடைமுள்ளுக்கு அடியில் ஒரு தகரப் பன்றி.
ஒவ்வொன்றின் நெஞ்சிலும் கொட்டைப்பாக்கு அகலத்தில் ஓட்டை.
ஓட்டைக்குள் குண்டு போனால் மல்லாக்க விழும்.
பச்சை நைலான் கயிற்றை இழுத்தால்
செத்தது எழுந்து நிற்கும்
அடுத்தவருக்காக.

பதினான்கு பேர்.
விலங்குகளைப் படைத்தவர் வெல்டிங் பட்டறை ஒச்சப்பன்.
அவருடைய பன்றிக்கு ஆட்டுக்கால்,
யாரும் அதைப் பேசுவதில்லை.
கோரிப்பாளையம் பல் டாக்டர் எலியாஸ்.
கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து.
நான், மாட்டுத்தாவணி டிப்போவில்
டயர்க் கணக்கு எழுதுகிறவள்.
முதல் பரிசு எவர்சில்வர் அண்டா.
என் வீட்டில் அண்டா இருக்கிறது.
இருந்தாலும்.

ஆடி மாதம்.
அம்மி பறக்குமோ என்னவோ
அரை கிராம் ஈயம் பறக்கும்.
கற்றாழைத் தண்டில் கட்டிய சிவப்புத் துணி
துடித்து அடங்குகிற இடைவெளிக்குள்
மூச்சில் பாதியை விட்டு, பாதியை வைத்துக்கொண்டு
அழுத்த வேண்டும்.
அழுத்துவது விரலுக்கே தெரியக் கூடாது.

என் துப்பாக்கிக்கு ஒரு கோணல் உண்டு.
போன ஐப்பசி மழையில், காளவாசல் வேகத்தடையில்
ஸ்கூட்டரிலிருந்து உறையோடு விழுந்ததிலிருந்து
இரண்டு விரற்கடை இடது தள்ளிச் சுடும்.
தொலைநோக்கியின் பக்கத் திருகைத் திருப்பினால் தீர்ந்தது.
நான் திருப்பவில்லை.
இடது பார்த்த முயலென்றால் வாலைக் குறிவைப்பேன்,
வலது பார்த்த பன்றியென்றால் மூக்கை.
குண்டு தானே நெஞ்சுக்கு வந்து சேரும்.
சிலரோடு குடித்தனம் நடத்துகிற மாதிரிதான்.
பழகிவிட்டது.

பாதிப் போட்டியில் எலியாஸ் பதினான்கு, நான் பதினான்கு.
அவர் துப்பாக்கி புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது.
வாஷர் போய்விட்டது.
"அக்கா, உங்களத ஒரு ரவுண்டு தர்றீங்களா?"
கொடுத்தேன்.
குண்டு டப்பாவையும் மூடி திறந்து கொடுத்தேன்.
கோணலை மட்டும் கொடுக்கவில்லை.

சொல்ல வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
அந்த நேரம் பார்த்து டீ வந்தது.

மண்டியிட்டார்.
முதல் குண்டு முயலின் மீசைக்கு முன்னால்
கல்லில் தெறித்தது.
துணியைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாறை இடுக்கில் பல்லி சொல்லிற்று,
விடாமல், டிக் டிக்கென்று.
நல்ல சகுனமென்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு விலங்குகள்
வரிசையாக மல்லாந்தன.

என் முறை. நின்று சுட வேண்டிய நரி, இடது பார்த்தது.
துணி அடங்கிற்று.
வாலைக் குறிவைத்தேன்.
ணங்.
வால் அதிர்ந்தது, நரி நின்றது.
அடுத்து முயல். மறுபடி வால்.
மறுபடி ணங்.
கல்லூரிப் பிள்ளைகள் சிரிப்பைக் கைக்குட்டையில் பிடித்தார்கள்.

"இடது பக்கம் தள்ளுச்சுக்கா" என்றார் எலியாஸ் பின்னாலிருந்து.
"பதினோரு சொடுக்கு திருப்பி வச்சேன்.
சொல்ல மறந்துட்டேன்."

மறந்துதான் இருப்பார்.
தினம் முப்பது வாய்க்குள் பார்க்கிற முகம்,
வலிக்குமா என்றால் வலிக்காது என்று சொல்லுகிற முகம்,
அதில் என்னத்தைப் படிப்பது?
"நானும்" என்றேன்.
"நீங்களும்?"
"ஒண்ணுமில்ல."

அண்டா அவருக்கு.
அவர் பைக்கில் அது நிற்கவில்லை.
என் ஸ்கூட்டரில், கால் வைக்கும் இடத்தில்
ஒச்சப்பன் கயிறு போட்டுக் கட்டினார்,
முயலை எழுப்புகிற அதே பச்சைக் கயிறு.
முதுகில் நேராகச் சுடுகிற துப்பாக்கி,
முழங்கால்களுக்கு நடுவே அடுத்தவர் அண்டா,
ஒவ்வொரு குழிக்கும் ஒரு முனகல்.

காளவாசல் வேகத்தடை வந்தது.
மெதுவாகப் போகவா வேண்டாமா என்று
ஒரு கணம் யோசித்தேன்.